நான் நீக்கச் சொன்ன வரி

வேலைக்கு மனுப் போடும்போது கூடவே ஒரு கடிதம் வைப்போம் அல்லவா, அதைப் பற்றி மூன்று குறிப்புகள். மறந்துவிடும் என்று தாளில் எழுதி வந்திருக்கிறேன்.

1. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது.
2. ஜெராக்ஸ் கடை மாதிரிக் கடிதத்தில் பெயரை மட்டும் மாற்றித் தரக் கூடாது.
3. வீட்டு விஷயத்தை எழுதவே கூடாது.

இதற்காக ஒரு கதை வைத்திருக்கிறேன்... சின்னதுதான், கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் ஒரு பம்பு கம்பெனியில் மனுக்களைப் பிரித்து அடுக்கும் குமாஸ்தாவாக இருந்தேன். ஸ்டோர் கீப்பர் வேலைக்கு நாற்பத்தேழு மனு வந்தது. நாற்பத்தாறும் எதிரே இருந்த ஜெராக்ஸ் கடையின் மாதிரிக் கடிதம்தான். எல்லாம் ‘தாங்கள் கருணைகூர்ந்து’ என்றே ஆரம்பிக்கும். அதில் ஒன்பது பேர் ‘டிரைவர் வேலைக்கு’ என்றிருந்ததைக்கூட மாற்றவில்லை! நாற்பத்தாறு தடவை படித்தால்... யாருக்குத்தான் கருணை மிஞ்சும்?

மிச்சம் ஒன்று கையால் எழுதியது. குழந்தைவேலு என்பவர், நாற்பத்திரண்டு வயது, நேரில் கொண்டுவந்திருந்தார். எட்டு வருடம் ஒரு மில் ஸ்டோரில் வேலை. பிறகு இரண்டு வருடம் வேலையில்லை. அதற்கு ஒரு வரி எழுதியிருந்தார்: ‘படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டேன். பதினோரு மருந்து. ஒன்றைக்கூடத் தீர்ந்துபோக விட்டதில்லை.’

நான் சொன்னேன்: “ஏனுங்க, சொந்தக்காரங்களுக்கு எழுதற மாதிரி எழுதியிருக்கீங்க. அந்த வரியை எடுத்துருங்க.”

“எடுத்துட்டா ரெண்டு வருசம் சும்மா இருந்த மாதிரி ஆயிருமுங்களே சார்?”

“அனுதாபம் தேடறீங்கன்னு நினைப்பாங்க.”

“இதும் போச்சுன்னா பொண்ணு படிப்பை நிறுத்தோணுமுங்க. பாத்துச் சொல்லுங்க சார்.”

“அதுக்குத்தானுங்க சொல்றேன்.”

பெஞ்சில் உட்கார்ந்து, அந்த வரி இல்லாமல் வேறு தாளில் எழுதிக் கொடுத்தார். பழைய தாளை என் மேசைமேலேயே விட்டுப் போனார்.

இத்தனை கூட்டங்களில் இந்தக் கதையை இந்த இடத்தோடு நிறுத்தியிருக்கிறேன். இன்று... மிச்சத்தையும் சொல்லிவிடுகிறேன். முடியவில்லை, இனிமேலும் சுமக்க.

மறுநாள் மேனேஜர் அந்தக் கடிதத்தைப் பார்த்தார். “ரெண்டு வருசம் எங்கய்யா இருந்தான்? ஜெயில்லயா?”

சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். மேனேஜர் தாளைத் தள்ளிவைத்தார்.

“எனக்கு என்னய்யா வேணும்? ஒரு போல்ட்டு தீர்றதுக்கு முன்னாலயே தீரப்போகுதுன்னு சொல்ற ஆள் வேணும். இதுல எவன் இருக்கான்?”

இருந்தார்... பதினோரு மருந்தை இரண்டு வருடம் தீரவிடாத ஆள் இருந்தார். அந்தப் பழைய தாள் என் மேசை இழுப்பறையில் இருந்தது. எடுத்துக் கொடுத்தால் போதும். கொடுத்தேனா? என் யோசனைதான் தப்பு என்று மேனேஜருக்குத் தெரிந்துவிடுமே என்று பேசாமல் நின்றேன். வேலை வேறொருவருக்குப் போனது. அந்தப் பெண் படித்தாளா, தெரியாது. விசாரிக்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை.

ஐயா, அம்மா, உங்களுக்குத்தான் சொல்கிறேன். கஷ்டத்தைச் சொல்லி இரக்கம் கேட்பது வேறு. கஷ்டத்துக்குள் நின்று நீங்கள் செய்த வேலையைச் சொல்வது வேறு. முப்பது வருடம் கடிதம் படித்த எனக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

மூன்றாவது குறிப்பு தவறு. எழுதிக்கொண்டவர்கள் அடித்துவிடுங்கள். நான் நீக்கச் சொன்ன வரிகளில்... இது ஒன்றாவது சரியாக இருக்கட்டும்.