திருப்பி ஏத்துறதா, கீழ போடுறதா?

— திரும்பாத சாந்தோ! சுவத்தைப் பாருன்னு எத்தனை வாட்டி சொல்றது?

— பொண்டாட்டி ஆடுறதைப் புருஷன் பார்க்கக் கூடாதா? எந்த ஊரு நியாயம் ஜோவி இது?

— குண்டியில மச்சம் இருக்கிறவன் பார்த்தா சீட்டு விளங்காது. உங்கம்மாவே சொல்லியிருக்காங்க.

— என் மச்சம் லேப்டாப்புக்கு எப்படித் தெரியும்? ஆடுறவன் எவனோ பிரேசில்ல உக்காந்திருக்கான்!

— கொஞ்சம் வாயை மூடேன். இன்னும் நாலே பேருதான் பாக்கி.

— பரிசு மூணு பேருக்குத்தானே?

— மூணு பேருக்கும் ஒரே பரிசு. ஆளுக்கு ஒரு படகு விலை.

— மாதாவே! மணி ஒன்பதே முக்கால். கப்பல் வேலைக்கு வர்றேனா இல்லையான்னு பத்துக்குள்ள மணிலா ஏஜென்சிக்குப் பதில் சொல்லணும். நீ மட்டும் ஜெயிச்சிடு, கப்பலாவது மண்ணாவது! படகை வாங்கிட்டு உன் பக்கத்துலயே கிடப்பேன். நீ சந்தைக்குப் போனா நானும் வருவேன்.

— எட்டு மாசமா வந்துக்கிட்டுதானே இருக்க.

— அந்த நாலாவது ஆளு எப்படி?

— செத்த மாதிரிதான். ரெண்டே டோக்கன் வச்சிருக்கான். அடுத்த ஆட்டத்துல கட்டாயம் வச்சே ஆகணும், வச்சா காலி.

— அப்ப நீ சும்மா இருந்தாலே போதும்!

— போதும்... இரு. பிரேசில்காரன் பந்தயத்தை ஏத்திட்டான்.

— ஏத்தட்டுமே. உன் சீட்டைக் கீழ போடு.

— ரெண்டு ராஜா வந்திருக்கு சாந்தோ.

— ஐயோ! ராஜாவா இருந்தா என்ன? சும்மா இருந்தாலே கிடைக்கிற எடத்துல திருப்பி ஏத்துறவன் கிறுக்கன்னு நீதானே சொன்ன?

— சொன்னேன்.

— அவன்கிட்ட டோக்கன் உன்னைவிட அதிகமா இருக்கா?

— ரெண்டு மடங்கு.

— அப்பத் தொடாத! கையெடுத்துக் கும்பிடுறேன். இன்னும் எத்தனை விநாடி இருக்கு?

— பன்னெண்டு. நடுவுல சீட்டு விரிக்கிறதுக்குள்ள சொல்லணும்.

— இதுல யோசிக்க என்னடி இருக்கு? போட்டுட்டியா? ஜோவி? அது என்ன சத்தம்?

— திருப்பி ஏத்திட்டேன்.

— எவ்வளவு?

— எல்லாத்தையும்.

— அடிப்பாவி! அவன் என்ன பண்ணான்?

— யோசிக்காமலே அவனும் அதே அளவு வச்சுட்டான். அஞ்சு சீட்டும் விரிச்சாச்சு. போச்சு.

— போச்சா? மொத்தமா?

— மொத்தமா. நான் வெளிய.

— கருமம்... சரி விடு, அழாத. ரெண்டு ராஜாவைக் கையில வச்சுக்கிட்டு எவளுக்குத்தான் மனசு அடங்கும்? உன்மேல கோவம் இல்ல. கப்பல்ல ஒன்பது மாசம்தானே, எப்படியோ ஓட்டிடலாம். எங்க, காட்டு, எப்படித் தோத்தன்னு பார்ப்போம்... ஜோவி, இது என்னது? ராஜா எங்க? ஏழும் ரெண்டும்ல இருக்கு! இதைவிட மட்டமான சீட்டே கிடையாதே!

— ஏஜென்சிக்கு போனைப் போடு சாந்தோ. நீ கடல்ல இருக்கிற மாசந்தான் எனக்கு மூச்சு விட முடியுது.