பதினோராம் ஆணி

ஓடக் கிளம்பும் முன் ஷூ நாடாவை இரட்டை முடிச்சாகப் போடவேண்டும், ஐயா. ஒற்றை முடிச்சு இறக்கத்தில் அவிழ்ந்துவிடும். பன்னிரண்டு வருஷமாக ஓடுகிறேன், எனக்கு ஒருநாளும் அவிழ்ந்ததில்லை. நான் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவன். கை நிதானம் தொழிலோடு வந்தது.

ஊர் முடிகிற இடத்தில் குடிநீர்த் தொட்டி இருக்கிறதல்லவா, அதன் பின்னாலிருந்துதான் எங்கள் பாதை. மூன்று குன்றுகளை ஏறி இறங்கி, வளைந்து வந்து, கிளம்பிய இடத்திலேயே சேரும். ஒன்பது கிலோமீட்டர். ஞாயிறு காலைகளில் பதினான்கு பேர் ஓடுகிறோம். மேலே டவர் கிடைக்காது, அதனால் போன்களைப் பம்பு அறையிலேயே வைத்துவிட்டுப் போவோம். அந்த அறைச் சுவரில் ஒரு பலகை, அதில் பதினான்கு ஆணிகள், ஆணிக்கொரு எண் போட்ட தகர வில்லை. கிளம்பும்போது உங்கள் எண்ணை எடுத்துக் கழுத்தில் போட்டுக்கொள்ளவேண்டும், திரும்பியதும் ஆணியில் மாட்டவேண்டும். ஓர் ஆணி காலியாக இருந்தாலும், எங்கள் ஓட்டத்தை நடத்துகிற டிரில் மாஸ்டர் யாரையும் வீட்டுக்கு விடமாட்டார். தேடப் போயே ஆகவேண்டும். ஆனால் அவர் எண்ணுவது வில்லைகளை. ஆட்களை எண்ணமாட்டார்.

பதினோராம் எண் என் தங்கச்சி வீட்டுக்காரருடையது. லிஃப்ட் மெக்கானிக். என்னைவிட எட்டு வயது சின்னவர், ஆனாலும் மாப்பிள்ளை என்கிற மரியாதையில் நீங்க வாங்க என்றுதான் பேச்சு. அவரை ஓட அழைத்துப்போனவனே நான்தான். அப்போது அவருக்குத் தொப்பை, இரண்டு மாடி ஏறினால் மூச்சு வாங்கும். மேட்டில் எப்படிச் சின்ன அடி வைப்பது, இறக்கத்தில் எப்படி முழங்காலை விட்டுக்கொடுப்பது என்று எல்லாம் சொல்லிக்கொடுத்தேன். இரட்டை முடிச்சை மட்டும் கேட்கவில்லை. “அதை அவுக்கறதுக்குள்ள அடுத்த ஞாயித்துக்கெழமை வந்துடும் மச்சான்” என்று சிரிப்பார்.

ஒன்றரை வருஷத்தில் என்னைத் தாண்டிவிட்டார். அவர் ஐம்பது நிமிஷம். மாஸ்டர் நோட்டில் அதற்குக் கீழே யாரும் வந்ததில்லை. நான் ஐம்பத்திரண்டிலேயே நின்றுவிட்டேன். முடிவுக்கோட்டில் நேரம் பார்ப்பது என் பத்து வயது மகள். வாராவாரம் “மாமா ஃபர்ஸ்ட்” என்று குதிப்பாள். வயிறு எரிந்தது. பெற்ற பெண்ணின் வாயிலிருந்து அதைக் கேட்டுக்கொண்டு சிரித்த முகமாக நிற்பது கஷ்டம், ஐயா. ஐம்பதை நெருங்குகிறவன் இதற்கெல்லாம் வயிறு எரிகிறான் என்று யாரிடம் சொல்லமுடியும்?

போன மாதம் அந்த ஞாயிறு பனி இறங்கியிருந்தது. வழக்கம்போல அவர் முன்னால், நான் பின்னால், மற்றவர்கள் வெகு தூரத்தில். மூன்றாவது குன்றின் இறக்கத்தில் கற்கள் துருத்திக்கொண்டிருக்கும் ஒரு வளைவு. அங்கே பாதைக்குக் கீழே, புதர் மூடிய பள்ளத்திலிருந்து “மச்சான்” என்று குரல் கேட்டது.

இறங்கிப் பார்த்தேன். வலது கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. விலாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். இடது ஷூவின் நாடா அவிழ்ந்து கிடந்தது.

“நீங்க சொன்னதைக் கேட்டிருக்கணும்” என்றார், அந்த வலியிலும் சிரிக்கப் பார்த்து. பிறகு கழுத்திலிருந்த வில்லையைக் கழற்றி என் கையில் வைத்தார். “இதைக் காட்டுங்க மச்சான், உடனே கெளம்பிடுவாங்க.”

நான் குனிந்து அவர் நாடாவைக் கட்டிவிட்டேன். “கத்தாதீங்க மாப்ளே, விலா இன்னும் நோகும். பேசாம படுத்திருங்க, நான் சொல்லிக்கறேன்” என்றேன். அக்கறையோடுதான் சொன்னேன். அவரும் அப்படியே செய்தார் போலிருக்கிறது. பின்னால் வந்த பன்னிரண்டு பேரில் ஒருவருக்கும் சத்தம் கேட்கவில்லை.

உதவி கொண்டுவரத்தான் ஓடினேன். அதை நீங்கள் நம்பவேண்டும். ஆனால் எனக்கு முன்னால் பாதை காலியாக இருந்தது. ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு காலியாக இருந்தது. தொட்டி தெரிந்ததும் மகள் “அப்பா ஃபர்ஸ்ட்” என்று கத்திக்கொண்டு ஓடிவந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். மாஸ்டர் கை கொடுத்தார். ஐந்து நிமிஷம், வெறும் ஐந்து நிமிஷம் இது இருக்கட்டும், பிறகு சொல்வோம் என்று நினைத்தேன்.

“மாமா எங்கப்பா?” என்றாள்.

“கெழக்குப் பக்கமா எறங்கி நேரா வீட்டுக்குப் போறார்மா. வில்லையை என்கிட்ட குடுத்துட்டார், போனையும் என்னையே எடுத்துட்டு வரச் சொன்னார்.”

சொல்லிவிட்டு, இரண்டு வில்லைகளையும் அதனதன் ஆணியில் மாட்டினேன். ஐந்து நிமிஷம் போனதும் சொல்ல வாய் வரவில்லை. இத்தனை நேரம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்களே என்று வெட்கமாக இருந்தது. அரைமணி போனதும் அந்த வெட்கம் இன்னும் பெரிதாகிவிட்டது. ஆணிகள் நிரம்பின. மாஸ்டர் எண்ணிப் பார்த்துக் கதவைப் பூட்டினார்.

பத்து மணிக்கு மழை பிடித்தது. மதியம் தங்கச்சி போன் செய்தாள். “அண்ணா, இவர் இன்னும் வரலையே.” எங்காவது பேசிக்கொண்டு நிற்பார் என்றேன். நான்கு மணிக்கு எல்லோரும் தேடப் புறப்பட்டோம். கிழக்குப் பாதை என்று சொன்னவன் நான், அதனால் நான்தான் முன்னால் நடந்து கிழக்குப் பாதையைக் காட்டினேன். அவர் பெயரைச் சொல்லி எல்லோரையும்விட உரக்கக் கூப்பிட்டேன்.

மறுநாள் காலை மாஸ்டர்தான் எங்கள் ஓட்டப் பாதையைத் தலைகீழாகச் சுற்றிவந்து அவர் உடலைக் கண்டுபிடித்தார். முந்தின நாள் சாயங்காலம்வரை உயிர் இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆசை தீராமல் இன்னொரு சுற்று ஓடப் போயிருப்பார் என்று நான் சொன்னதை எல்லோரும் நம்பினார்கள். ஓட்டப் பைத்தியம் என்று அவருக்குப் பெயர்.

நேற்று தங்கச்சி அந்த ஷூக்களை எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தாள். கழுவி வைக்க நினைத்தாளாம். “இந்த இடது கால் முடிச்சு அவுறவே மாட்டேங்குது அண்ணா” என்று நீட்டினாள். நான் வாங்கி ஒரே இழுப்பில் அவிழ்த்துக் கொடுத்தேன். அவள் முடிச்சைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். “அவர் ரெட்டை முடிச்சு போடவே மாட்டாரே” என்றாள். ஷூவை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டாள். அவள் திட்டியிருந்தால் இன்று இந்த ஸ்டேஷனுக்கு வந்திருக்கமாட்டேன்.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். பதினோராம் ஆணியில் வில்லையை மாட்டியது நான். அவரைக் கொன்றதும் நான்தான். என் மகள் முகத்தை நிமிர்ந்து பார்க்கமுடியவில்லை, அவ்வளவு வெட்கமாக இருக்கிறது.

இன்னொன்று, கேட்கவே கூசுகிறது. மாஸ்டர் நோட்டில் அன்றைக்கு எனக்கு ஐம்பத்தொரு நிமிஷம் என்று இருக்கிறது. பள்ளத்தில் இறங்கி, அவரோடு பேசி, நாடா கட்டியதில் இரண்டு நிமிஷம் போயிற்று. அதையும் கழித்துக் குறித்துக்கொள்ளுங்கள், ஐயா.