பட்டாளத்துச் சாமியாரின் இடம்

ஆயருக்குக் கடிதம் எழுதினால் தொடக்கத்தில் எப்படி விளிக்க வேண்டும் என்பது எங்கள் அலுவலகத்தில் எனக்கு மட்டும்தான் தெரியும். அதனால் கத்தோலிக்கர் சம்பந்தப்பட்ட கடிதமெல்லாம் என் மேசைக்கே வரும். வாஷிங்டனில், ஜனாதிபதி மாளிகையில், பதினோரு வருஷம் இருந்தேன், கண்ணுகளா. வந்ததைப் படித்து, பதிலையும் நானே தட்டச்சு செய்து வைப்பேன். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஜனாதிபதி வரிசையாகக் கையெழுத்துப் போடுவார். என் கடிதக் கட்டை மட்டும் படிக்கவே மாட்டார். அவ்வளவு நம்பிக்கை, பாவம்.

எதிர் மேசை டட்டில், மெதடிஸ்ட் சபைக்காரர். தினமும் சீண்டுவார்.

"என்ன வின்னி, இன்னிக்கு போப்பு யாருக்கு வேலை கேக்குறாரு?"

"உங்க மச்சானுக்குத்தான் சார். ஞானஸ்நானத்துக்கு எப்ப வர்றாருன்னு கேட்டிருக்காரு."

சிரிப்போம். ஆனால் எந்த வேலையில் எந்தச் சபை ஆள் எத்தனை பேர் என்று இருவருமே எண்ணிக்கொண்டிருந்தோம். பட்டாளத்தில் பூசை வைக்க எங்கள் சாமியார்கள் ஒன்பது பேர். ஒன்பதாவது ஆள் என் தம்பி ஜெரோம். தேர்தலுக்கு முன்னால் பேராயர் கேட்டு வாங்கிய இடம் அது. அவனை அப்போது சண்டை நடந்த பிலிப்பைன்ஸுக்கு அனுப்பினார்கள்.

மறு மார்ச்சில் அவன் கடிதம் வந்தது. எனக்கல்ல, ஜனாதிபதிக்கு. சீதபேதி நிற்கவில்லை, நியமித்தவர் உத்தரவிட்டால்தான் ஊருக்கு விடுவார்களாம், தயவு காட்டுங்கள் என்று எழுதியிருந்தான். ஜனாதிபதியே பிரித்துப் படிப்பார் என்று நினைத்திருக்கிறான். அடியில் ஒரு வரி: "என் அக்கா உங்கள் அலுவலகத்தில்தான் இருக்கிறாள். அவளுக்குத் தெரிய வேண்டாம். என்னை நினைத்துப் பெருமையாக இருக்கிறாள்."

அதே வாரம் டட்டில், பட்டாளத்து வேலைக்குத் தங்கள் போதகர் ஒருவர் போட்ட விண்ணப்பத்தைத் தூக்கிக் காட்டினார்.

"அடுத்து எது காலியானாலும் எங்களுக்குத்தாம்மா. பெரியவரு வாக்குக் குடுத்துட்டாரு."

நிதானமாகத்தான் யோசித்தேன். சின்ன வயதிலேயே ஜெரோம் உடம்பு லேசாகச் சுட்டாலும் படுத்துவிடுவான். ஒரு வயிற்று வலிக்காக இடத்தை விடலாமா? 'ஜனாதிபதி அனுதாபத்துடன் பரிசீலித்தார். வீரர்களுக்கு இப்போது தங்கள் தேவை அதிகம்' என்று தட்டச்சு செய்தேன். கையெழுத்தானது. உறையை நானே ஒட்டினேன்.

இரண்டாவது கடிதத்தில் எழுத்து கோணல்மாணலாக இருந்தது. அதற்கும் மறுப்புத்தான் அனுப்பினேன், இன்னும் கொஞ்சம் கனிவாக. வயிற்றில் கதகதப்பாக ஃபிளானல் கம்பளித் துணியைச் சுற்றிக்கொள்ளச் சொல்லி ஒரு வரி சேர்த்தேன்.

வருத்தப்படாமல் கேளுங்கள், கண்ணுகளா. மூன்றாவதாக வந்தது நன்றிக் கடிதம். "ஃபிளானல் துணி பற்றிக்கூட எழுதியிருக்கிறீர்களே ஐயா. என் அக்காவும் இப்படித்தான் சொல்வாள். இனி ஊருக்கு வரக் கேட்க மாட்டேன்."

நவம்பரில் தந்தி வந்தது. அம்மாவுக்கு ஜனாதிபதியின் அனுதாபக் கடிதத்தையும் நான்தான் எழுதினேன். அம்மா அந்தக் கையெழுத்துக்கு முத்தம் கொடுத்தாள்.

"எம்புள்ளைய அவ்ளோ பெரிய மனுஷன் நெனச்சுப் பாத்திருக்காரே வின்னி."

"ஆமாம்மா."

மறுநாள் காலை டட்டில் தொப்பியைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றார். அவர் கைக்குட்டையைத் தேடிக்கொண்டிருந்தபோது, பேராயர் பரிந்துரைத்த புதுச் சாமியாரின் நியமன உத்தரவைக் கையெழுத்துக்குப் போகும் கடிதங்களுக்கெல்லாம் மேலே வைத்தேன். மதியமே கையெழுத்தாகிவிட்டது. இடம் எங்களிடமே நின்றது.

ஜெரோம் இருந்திருந்தால் ரொம்பச் சந்தோஷப்பட்டிருப்பான்.