என் கடைக் குச்சி போட்ட ஓட்டு

அவையைக் கண்ணசைவில் அடக்கும் தலைவர் ஒகுடா அம்மையார் அவர்களே, முன்வரிசையை அழகு செய்யும் நகரத் தலைவர் மினோவா அவர்களே, ஓட்டுள்ள பெரியோர்களே, என்னைப்போல் ஓட்டில்லாத பெரியோர்களே, மீன்கடையை அடைத்துவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

ஜெஜூத் தீவிலிருந்து ஒசாகாவுக்குக் கப்பலேறி வந்தவர் என் தந்தை. நான் பிறந்தது இக்கரை, பிழைத்தது இக்கரை, நூடுல்ஸ் விற்றதும் இக்கரை, பல் விழுந்ததும் இக்கரை. ஆனாலும் நான் கொரியன்; அயலான்; ஓட்டில்லை.

சென்ற தேர்தலில் கால்வாய் நடைபாலம்தானே பேச்சு? இடிப்பேன் என்றார் மினோவா. காப்பேன் என்றார் எதிர்த்து நின்ற தொகாஷி. அக்கரையில் மருத்துவமனை. என் மனைவி மல்சுன் ஒருநாள் விட்டு ஒருநாள் இரத்தம் சுத்திகரிக்க அந்தப் பாலத்தில்தான் நடப்பாள்.

ஓட்டுக் கேட்க வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு கடைக்கு வந்தார் வேட்பாளர்.

"ஐயா, உங்க ஓட்டு எனக்குத்தான்!"

"எனக்கு ஓட்டே இல்லீங்களே."

நீட்டிய கை அடுத்த மேசைக்குப் போனது. யார் கை? பெயர் சொல்வது பண்பல்ல. இருவர் கையும்தான்.

எண்ணினார்கள், சரிசமம். மறுபடி எண்ணினார்கள், மறுபடி சரிசமம். குலுக்கி ஒருவரை எடு என்கிறது சட்டம். மறுநாள் காலை தேர்தல் அலுவலர் கடைக்கு ஓடிவந்தார்.

"ஐயா, சாப்பிடுற குச்சி ரெண்டு குடுங்க!"

"நூடுல்ஸ் வேணாமா?"

"முதல்ல ஊருக்குத் தலைவர் வேணும்யா!"

அடுப்படியிலிருந்து மல்சுன் குரல் கொடுத்தாள்: "நல்லதாப் பாத்துக் குடுய்யா. நம்மளத்தான் யாரும் கேக்கல, அதையாவது கேக்கட்டும்!"

கொடுத்தேன். குச்சிக்கொரு பெயர் எழுதி, குவளையிலிட்டுக் குலுக்கி, ஒன்றை உருவினார் அலுவலர். மினோவா! பாலம் போயிற்று.

என்ன தம்பி? குச்சியிலே ஏதாவது செய்திருக்கலாமா? நான் நூடுல்ஸ் கடைக்காரன், மந்திரவாதி அல்லன்.

பெருமக்களே! அந்தக் குச்சி எந்த ஊர்? சீனத்து மூங்கில்! கப்பலில் வந்து, பெட்டி பிரித்து, ஒரு வாரம்கூட ஆகவில்லை. அது வரி கட்டியதா? கால்வாயில் வெள்ளம் வந்தபோது மண்மூட்டை தூக்கியதா? அதற்கு அக்கரை போகவேண்டிய மனைவி உண்டா? அதற்கு இவ்வூரில் ஓட்டு உண்டு! எனக்கில்லை! குச்சியைக் கேட்டீர்களே, குச்சி கொடுத்தவனைக் கேட்டீர்களா?

மினோவா அவர்களே, உங்கள்மீது வருத்தமில்லை. என் கடைக் குச்சி தேர்ந்தெடுத்த தலைவர் நீங்கள், மதிக்கிறேன். அடுத்த தேர்தலில் எங்களுக்கும் ஓட்டு வேண்டுமென்று நீங்களே குரல் கொடுங்கள். கிடைத்தால் உங்களுக்கே போட்டாலும் போடுவேன்.

மல்சுன் இக்கூட்டத்துக்கு வருவதாகச் சொன்னாள். மருத்துவமனையிலிருந்து எப்போதோ கிளம்பிவிட்டாள். நெடுஞ்சாலைப் பாலம் வழியாகச் சுற்றி வந்துகொண்டிருக்கிறாள். அவள் வந்து சேரும்வரை நகரத் தலைவர் அவர்கள் எழுந்துபோகாமல் இருக்கவேண்டும் என்று கேட்டு, பொறுமையாய்க் கேட்ட உங்களுக்கும், நடந்துகொண்டிருக்கும் அவளுக்கும் நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.