கிறகோரி வள்ளத்திலிருந்து விழவில்லை

அன்பும் அடக்கமும் ஒருங்கே அமைந்த, கிறகோரி நினைவுக் கிண்ண விழாவின் தலைவர் இராசநாயகம் ஐயா அவர்களே! அருள்நிறை பங்குத்தந்தை அவர்களே! அலையோடு மல்லாடி, அந்த மல்லாட்டத்திலேயே தலை நரைத்த குருநகர்ப் பெரியோர்களே! கடலுக்குப் போனவர் கரைக்கு வரும்வரை அடுப்பையும் அணைக்காமல் ஆண்டவரையும் விடாமல் காத்திருக்கும் தாய்மார்களே! காலில் வேகமும் கண்ணில் கனவுமாய் மைதான ஓரத்தில் நிற்கும் உதைபந்தாட்ட வீரர்களே! முன்வரிசையில், கறுப்புச் சேலையில், மகனின் படத்தை மடியில் வைத்திருக்கும் கத்தரீனா மாமி அவர்களே! உங்கள் அனைவருக்கும் எமில்ராஜ் என்னும் இந்தச் சிறியவனின் வணக்கம்.

சற்று முன்னர் தலைவர் அவர்கள் எனக்குப் பொன்னாடை போர்த்தினார். "இருபத்திரண்டு ஆண்டுகள் கிறகோரியின் சக்கர நாற்காலியைத் தள்ளிய தியாகி" என்று அறிவிப்பாளர் முழங்கினார். நீங்கள் கைதட்டினீர்கள். தட்டிய கைகளை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால், தலைவர் அவர்களே, இதோ இந்தப் பொன்னாடையை மடித்து உங்கள் மேசையிலேயே வைத்துவிடுகிறேன். ஏன் என்று கேட்கிறீர்களா? அதைச் சொல்லத்தான் இந்த ஒலிவாங்கியின் முன் நிற்கிறேன்.

கடந்த மாதம் நாம் மண்ணுக்குக் கொடுத்த கிறகோரியை நீங்கள் எப்படி அறிவீர்கள்? குரலாக அறிவீர்கள். இந்த மைதானத்து மூலையில் சக்கர நாற்காலியில் இருந்தபடி, "பந்து போகுது, பந்து போகுது, ஐயோ சனங்களே, பந்து மதிலுக்கு அங்காலை போட்டுது!" என்று வர்ணனை செய்த குரலாக அறிவீர்கள். நான் அவனைக் கால்களாக அறிவேன். கடற்கரை மணலில் என்னை ஒருநாளும் முந்தவிடாத கால்கள். பதினான்கு வயதுக் கால்கள்!

அது இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு. போர் ஓய்ந்து, பாதை திறந்து, எங்கள் ஒழுங்கைக்குள் கேபிள் கம்பி வந்த காலம். முதலில் வந்தது யார் வீட்டுக்கு? றோஸ் அன்ரி வீட்டுக்கு! பின்வரிசையில் சிரிப்புச் சத்தம் கேட்கிறது. சிரியுங்கள். நீங்களும் அந்தச் சீமெந்து நிலத்தில் முழங்கால் மடக்கி இருந்தவர்கள்தானே! சனிக்கிழமை பின்னேரம் ஐந்து மணிக்குத் தொலைக்காட்சியில் றெஸ்லிங் மல்யுத்தம். ஆனால் அன்ரியின் சட்டம் என்ன?

"முதல் செபமாலை. பிறகுதான் உந்த அடிபாடு."

ஐம்பத்து மூன்று மணிகளையும் நாங்கள் உருட்டிய வேகத்தில் மாதாவுக்கே மூச்சு வாங்கியிருக்கும். அதன் பிறகு திரையில் வெளிச்சம் பாயும், வெடி முழங்கும், வீரர்கள் வருவார்கள். அவர்களுடைய ஆங்கிலப் பெயர்கள் எங்கள் நாவுக்கு வசப்படவில்லை. ஆகவே நாங்களே ஞானஸ்நானம் கொடுத்தோம். நீண்ட பின்னல்காரன் திருக்கைவாலன். தட்டைத் தலையன் சுறாமண்டையன். திருக்கைவாலன் கிறகோரியின் ஆள். சுறாமண்டையன் என் ஆள். கம்பத்தில் ஏறிப் பாய்ந்தால் எங்கள் நெஞ்சும் பாயும். பலகையில் விழுந்தால் எங்கள் முதுகும் நோகும். போரைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். எங்கள் கண்முன்னே விழுந்தவர்களில் எத்தனை பேர் எழுந்தார்கள்? இங்கே விழுந்தவன் எழுந்தான்! அடுத்த சனியும் வந்தான்! அதற்காகவே அதை நம்பினோம். கிறகோரியைவிட நான் அதிகம் நம்பினேன்.

ஒரு சனிக்கிழமை திருக்கைவாலன் சுறாமண்டையனைத் தோற்கடித்தான். என் வீரன் மேடையில் முழந்தாளிட்டு அழுதான். நானும் அழுதேன். மறுநாள் ஞாயிறு, பூசை முடிந்து, ஊர் மதியச் சாப்பாட்டுக்கு அடங்கிய நேரத்தில் நானும் கிறகோரியும் கரைக்குப் போனோம். அவனுடைய தகப்பன் சூசைதாசன் மாமாவின் மரவள்ளம் மணலில் ஏற்றி முட்டுக் கொடுத்து நின்றது. பக்கத்தில் வலைக்குவியல். வள்ளத்துக்கு அடியில் அதை உருட்டும் மரக்குற்றிகள். வலைக்குவியல்தான் எங்கள் மல்யுத்த மேடை. ஒருவரையொருவர் தூக்கி அதன்மேல் போடுவோம், மூன்று எண்ணுவோம், எழும்புவோம். நூறு தடவை செய்த விளையாட்டு.

அன்று கிறகோரி என்னைச் சீண்டினான்.

"உன்ரை ஆள் அழுதவனெல்லே?"

"வாயை மூடு."

"உதெல்லாம் நடிப்படா, மச்சான். அழு எண்டு சொல்லிக் குடுத்திருப்பாங்கள். அதைப் பாத்து நீயும் அழுதிட்டாய், விசரா!"

சபையோரே, அவன் சொன்னது உண்மை. உண்மையைச் சொன்னவனை நான் என்ன செய்தேன்? இடுப்பைப் பிடித்துத் தூக்கினேன். அவன் சிரித்துக்கொண்டே உடம்பை எனக்குத் தந்தான். நான் வலையின் மேல்தான் போடுவேன் என்ற நம்பிக்கையில் தந்தான். "இது நடிப்போ, பார்!" என்று கத்தினேன். வலையின் பக்கம் எறியவில்லை. மறுபக்கம் எறிந்தேன். கை தவறவில்லை, கால் வழுக்கவில்லை. தெரிந்தே மறுபக்கம் எறிந்தேன். அவனுடைய முதுகு மரக்குற்றியில் விழுந்தது.

வேண்டாம், தம்பி. நேரமாகிவிட்டது என்று துண்டு நீட்டாதே. இருபத்திரண்டு வருடம் பிந்திவிட்டேன். இன்னும் ஐந்து நிமிடம் பிந்தினால் குடிமுழுகாது.

நான் மூன்று எண்ணினேன். அவன் எழும்பவில்லை. "கிறகோரி, எழும்படா" என்றேன்.

"கால் இருக்கிறது தெரியேல்லையடா" என்றான். பிறகு என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "ஆருக்கும் சொல்லிப்போடாதை. றெஸ்லிங் விளையாடினதெண்டு தெரிஞ்சால் அன்ரி ரீவியை நிப்பாட்டிப்போடுவா. அடுத்த சனி பெரிய போட்டியெல்லே? வள்ளத்தாலை விழுந்ததெண்டு சொல்லுவம்."

முதுகெலும்பு முறிந்து கிடந்த பிள்ளையின் கவலை அடுத்த சனிக்கிழமையைப் பற்றியதாக இருந்தது. அவன் சொன்னபடியே ஊருக்குச் சொன்னோம். ஊர் நம்பியது. அந்தச் சனிக்கிழமை நான் றோஸ் அன்ரி வீட்டுக்குப் போனேனா? போனேன். செபமாலை சொன்னேனா? சொன்னேன். பெரிய போட்டியில் என் ஆள் வென்றபோது கைதட்டினேனா? தட்டினேன். மறுநாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தவன் கேட்டான்: "ஆர் வெண்டது?" "உன்ரை ஆள்தான்" என்றேன். அவன் சிரித்தான்.

ஆனால் நாங்கள் சொன்ன பொய் எங்கே போய்க் குத்தியது? சூசைதாசன் மாமாவின் நெஞ்சில் குத்தியது. வள்ளம் சரிந்துதான் பிள்ளை விழுந்தான் என்று அவர் நம்பினார். மூன்றாம் மாதம், ஒரு காலை, கோடரியோடு கரைக்கு வந்தார். இங்கிருக்கும் பெரியோர்களே, நீங்களும் பார்த்தீர்கள்.

"நான்தான் வள்ளத்துக்கு முட்டுச் சரியாக் குடுக்காமல் விட்டனான். என்ரை பிள்ளையை நான்தான் முடமாக்கினனான்" என்று கத்திக் கத்தி, தன் தகப்பன் தந்த வள்ளத்தைத் தன் கையாலேயே கொத்திப் பிளந்தார். தடுக்கப் போனவர்களைத் தள்ளிவிட்டார். பத்தடி தூரத்தில் நான் நின்றேன். ஒரு சொல், ஒரேயொரு சொல் சொல்லியிருந்தால் அந்தக் கோடரி நின்றிருக்கும். நான் சொல்லவில்லை. அதன் பிறகு அவர் கடலுக்குப் போகவில்லை. சந்தையில் ஐஸ் பெட்டி தூக்கினார். ஒன்பது ஆண்டுகள் தூக்கினார்.

சாகும்போது மகனின் கையைப் பிடித்து, "மோனை, அப்பாவை மன்னிச்சுக்கொள்" என்றார். கிறகோரி அவரைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டில் நின்ற என்னைப் பார்த்தான். நான் சுவரைப் பார்த்தேன்.

இதுதான் உங்கள் தியாகி! குளிப்பாட்டினேன், தூக்கினேன், தள்ளினேன். மெய்தான். அதை அன்பு என்றீர்கள். அதில் அன்பு எவ்வளவு, அச்சம் எவ்வளவு என்று இன்றுவரை எனக்கே தெரியாது. யாராவது அவனைத் தனியே சந்தித்தால் சொல்லிவிடுவானோ என்று பயந்து பக்கத்திலேயே நின்ற நாட்களும் உண்டு.

கடந்த மாதம், படுக்கைப் புண் நஞ்சாகி, காய்ச்சலில் கிடந்தபோது அவனிடம் முதல்முறையாகக் கேட்டேன்: "கிறகோரி, சொல்லட்டோ?"

அவன் சொன்னான்: "ஒரு கிழமைக்கெண்டுதான் மச்சான் நான் அந்தப் பொய்யைச் சொன்னனான். நீ ஏன் அதை இருபத்திரண்டு வருசம் வைச்சிருந்தனி?"

"நீயும் சொல்லேல்லையே" என்றேன்.

"நான் சொன்னால் காட்டிக்குடுத்த மாதிரி. நீயாச் சொல்லுவாய் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். அப்பா இருக்கேக்கை சொல்லியிருக்க வேணும்."

இரண்டாம் நாள் அவன் போய்விட்டான்.

நண்பர்களே! கூடப் பிறந்தோரே! அடித்தவனை மன்னிக்கலாம். ஆத்திரத்தில் எறிந்த பதினான்கு வயதுப் பையனைக்கூட மன்னிக்கலாம். ஆனால் பதினைந்து வயதில் வாய் திறக்காதவனை, இருபதில் திறக்காதவனை, ஒரு தகப்பன் தன்னையே குற்றவாளியாக எண்ணிக் கண்மூடும்போதும் திறக்காதவனை எந்த வயதைச் சொல்லி மன்னிப்பீர்கள்? சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்கிறார்களே, அது யாருக்கு இறங்கும்? கேட்க வேண்டியவர் மண்ணுக்குள் இருக்கிறார். எனக்கு எதுவும் இறங்கவில்லை. உங்கள் வீட்டில், உங்கள் நெஞ்சில், இப்படி ஒரு சொல் கிடந்தால், கேட்க வேண்டிய ஆள் உயிரோடு இருக்கும்போதே சொல்லிவிடுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள். என்னைப்போல் கிண்ணத்துக்குப் பெயர் வைக்கிற நாளில் வந்து சொல்லாதீர்கள்!

மாமி... என்ன கேட்கிறீர்கள்? சத்தம் போடாதீர்கள் சபையோரே, அவ கேட்கிறா.

"என்ரை மனிசனுக்குத் தெரியுமோ?"

இல்லை, மாமி. தெரியாது. தெரியாமல்தான் போனார்.

விடுங்கள். அவவை மறிக்காதீர்கள். கையைப் பிடிக்காதீர்கள், சமாதானம் சொல்லாதீர்கள். எனக்காக யாரும் அவவிடம் மன்னிப்புக் கேட்கவும் வேண்டாம். கதிரைகளை ஒதுக்கி வழி விடுங்கள். அவ போகட்டும்.

தலைவர் அவர்களே, குறித்த நேரத்தைக் கடந்து பேசிவிட்டேன். இடையில் எழுந்து போகாமல் இருந்த உங்கள் எல்லோருக்கும் நன்றி. எழுந்து போகிற கத்தரீனா மாமிக்கு, அவ திரும்பிப் பார்க்காவிட்டாலும், என் வணக்கம்.