ஏதாவது ஒரு கோளாறு சொல்லுங்கண்ணே

ஐயோ, மெதுவாப் பேசுங்கண்ணே. மெஷின்ல ஒரு கோளாறும் இல்லன்னு இவ்ளோ சத்தமாவா சொல்றது? எங்கம்மா டீ வாங்கத்தான் போயிருக்கு, துபாய்க்குப் போகல. அது வரதுக்குள்ள நீங்க ஒரு கோளாறு கண்டுபுடிச்சே ஆகணும். ஸ்க்ரூ டிரைவரக் கீழ வைக்காதீங்க, வேலை நடக்குற மாதிரி இருக்கட்டும்.

இல்லண்ணே, சத்தியமா வெளையாட்டு இல்ல. பெரம்பலூர்லேந்து பஸ் ஏறி வந்த மனுசன்கிட்ட வெளையாடுவனா? சரி, வெளையாடுவேன். ஆனா இன்னிக்கு இல்ல. ஆயுத பூசை முடிஞ்சதுலேந்து சுடர் நெசமாவே மஞ்சளாத்தான் எரிஞ்சுது. கண்ணாடி மணி சுடுற இந்த டார்ச்சுக்கு கேஸ் ஒரு பக்கம், இந்த மெஷின் குடுக்குற ஆக்சிஜன் ஒரு பக்கம். ரெண்டும் சரியாச் சேந்தா சுடர் ஊசியாட்டம் நீலமா நிக்கும். ஆக்சிஜன் கொறஞ்சா மாட்டு நாக்காட்டம் மஞ்சளாத் தொங்கும். அதுல கண்ணாடிக் குச்சிய உருக்குனா புகை அப்பிக்கும். இந்தக் கிண்ணத்தப் பாருங்க. கடல் நீலமாம். கல்யாண மாலைக்குக் கோக்குற மணியாம். த்தூ. சாக்கடையில அள்ளுன மாதிரி இருக்கு. இத வாங்குற அரியலூர் கடைக்காரம்மா போன்லயே மூக்கப் பொத்திக்கிச்சு. இப்படி. ஏம்மா சுமதீ... மணி அனுப்பச் சொன்னா எலிப் புழுக்கைய அனுப்பிருக்கியேம்மா...

சிரிக்காதீங்க. எங்கம்மா அழுதுச்சு.

அப்பறம் வந்தாங்க பாருங்க வைத்தியம் பாக்க. பக்கத்து வூட்டு முத்தாயி, வாய்ல பொகையில வேற. கண்ணு பட்டுருச்சுடீ, ஒத்தப் பொம்பளைக்கு இவ்ளோ பவுசாங்குது ஊரு. மெஷினுக்கு மொளகாயும் உப்பும் சுத்தி அடுப்புல போட்டுச்சு. வூடே இருமுது, சுடர் மட்டும் அப்படியே இருக்கு. மணி செய்யக் கத்துக்குடுத்த கிருஷ்ணமூர்த்தி சார் போன்ல வந்தாரு. முத...லில்... குழாய்... மடங்கி... உள்ளதா எனப்... பார்க்கவும். அவரு ஒரு பேச்ச முடிக்கறதுக்குள்ள கேஸ் தீந்துடும். ஆனா நல்ல மனுசன், சொன்னதெல்லாம் செஞ்சோம். குழாய நீவி உட்டோம். ஜாயிண்டுல சோப்புத் தண்ணி தடவுனோம், ஒரு குமிழி கெளம்பல. கரண்ட்ட நிறுத்திட்டு ஃபில்டரக் கழுவிக் காயவச்சு மாட்டுனோம். இந்தக் குழாய்க்குள்ள காத்து அளவு காட்டுற பந்து இருக்குல்ல, அதுவும் மேலதான் நின்னுச்சு.

அதேதாண்ணே! பந்து வெறும் காத்துக்கும் நிக்கும். அதுல ஆக்சிஜன் இருக்கா இல்லையான்னு அதுக்கு என்ன தெரியும்? இத எங்க அழகேசன் மாமாவுக்குச் சொல்லுங்க. அம்மாவோட அண்ணன். வயிறு முன்னாடி வரும், அவரு பின்னாடி வருவாரு. நாஞ் சொல்றேன் கேளு சுமதி, கேஸ்காரன் தண்ணி கலந்துட்டான். சொல்லிட்டு சிலிண்டரக் கட்டிப்புடிச்சுக் காத வச்சு ஆட்டுறாரு, தேங்கா வாங்குற மாதிரி. எனக்கு அந்த ஆளப் பாத்தாலே கொமட்டும்.

எந்த பிளாஸ்திரி? ஓ, உரிச்சுட்டீங்களா. அதுவும் மாமா ஒட்டுனதுதான், சத்தம் வர்ற ஓட்டைக்குள்ள பஞ்ச அடைச்சு. மெஷின் பீப்பு பீப்புன்னு கத்துதாம், அவருக்குத் தூக்கம் வரலையாம். இப்ப இல்லண்ணே, அப்ப. மெஷின் எங்கப்பா கட்டில் பக்கத்துல இருந்தப்ப.

ஆமா, அப்பாவுக்கு வாங்குனதுதான். சாமிதுரைன்னு பேரு. கல் கிரஷர்ல வேலை பாத்து நெஞ்சு பூரா தூசி. அப்பா போனப்பறம் சும்மா கெடந்த மெஷின வச்சுத்தான் அம்மா மணி சுட ஆரம்பிச்சுது. அப்பா சொல்லும், காத்து வரல மச்சான்னு. அந்தக் குரலச் செஞ்சு காட்ட மாட்டேன், விடுங்க. மாமா குனிஞ்சு பாப்பாரு. பந்து மேலதான மாப்ள நிக்குது? எல்லாம் மனசு மாப்ள, மனசு. பாக்க வந்த ஒவ்வொருத்தனும் பிஸ்கட் பாக்கெட்ட வச்சுட்டு பந்தப் பாப்பான். மனசுதாம்பான், டீயக் குடிப்பான், போயிடுவான். அதே கூட்டந்தான் இப்ப நாலு கண்ணாடி மணி கருத்ததும் ஓடி வந்து குழாய நீவுது. ச்சீ.

கருகுன வாசமா? அது மெஷின் இல்ல. உறை.

உறைண்ணே. டிவிக்கு, மிக்ஸிக்கெல்லாம் தைச்சுப் போடுவோம்ல? இதுக்கும் அம்மா தைச்சுது, பூப்போட்ட நைட்டித் துணியில, கீழ ஃப்ரில் எல்லாம் வச்சு. மெஷின் வூட்டுக்கு வந்த அன்னிக்கே. தூசிதான் இந்த மனுசனத் தின்னுச்சு, மெஷின்லயாவது தூசி அண்டாம இருக்கட்டும்னு. அப்பாவுக்கு அப்பறம் பெட்டிக்குள்ள கெடந்துச்சு. இந்த ஆயுத பூசைக்கு மெஷினத் தொடச்சுச் சந்தனம் வச்சப்ப, அதத் தொவச்சு எடுத்துத் திரும்ப மாட்டிடுச்சு.

நேத்து அம்மா இல்லாதப்ப நான் உறைய உருவிட்டு டார்ச்சப் பத்தவச்சேன். செத்த நேரத்துல நீலம். மாட்டுனேன், கொஞ்ச நேரம் போச்சு, மஞ்சள். பின்னாடி காத்து இழுக்குற ஓட்டையெல்லாம் துணி ஒட்டிக்கெடக்கு. உள்ள கைய விட்டா அடுப்பாட்டம் சுடுது. ஃப்ரில்லத் தூக்கிப் பாத்தேன். ஆக்சிஜன் கொறைவுன்னு காட்டுற மஞ்ச லைட்டு எரிஞ்சுக்கிட்டே இருக்கு. உறைக்கு உள்ள.

அப்பவும் எரிஞ்சிருக்கும்லண்ணே?

வேணாம். பதில் சொல்லாதீங்க.

உறையத்தான் டார்ச்சுல காட்டிட்டேன். தெரியாமப் பட்டுடுச்சுன்னேன். ஏய் சிவரஞ்சனி, உனக்கு எதுல வெளையாடுறதுன்னு இல்லையாடின்னு வெளக்குமாறு பிஞ்சுது. பிய்யட்டும். புதுசா ஒண்ணு தைக்கணும்னு அம்மா சொல்லும். டார்ச்சு பக்கத்துல துணி இருந்தாப் பத்திக்கும்மான்னு சொல்லிடுங்க, அதான் நேத்தே நிரூபிச்சாச்சே. மெஷினத் தொடாத, அண்ணன் வரட்டும்னு இதுவரைக்கும் புடிச்சு வச்சிருக்கேன். வேற எதுவும் தெரியாது அதுக்கு.

தூக்குவாளிச் சத்தம் கேக்குது, வந்துடுச்சு. உங்க குரல்லயே சொல்லித் தரேன், புடிச்சுக்கங்க. உள்ள ஒரு வால்வு போயிருந்துச்சும்மா, தானாப் போறதுதான், மாத்திட்டேன். எப்பலேந்துன்னு கேட்டா, இப்ப பூசைக்கு அப்பறந்தாங்கணும். அதுக்கு முன்னாடி நல்லாத்தான் ஓடிருக்குங்கணும். அத மட்டும் நல்லா அழுத்திச் சொல்லணும்.

வாம்மா, வா. அண்ணன் கண்டுபுடிச்சுட்டாரு. சொல்லுங்கண்ணே.