பதினாறாம் சேனலில் நாற்பது நிமிடம்

ரேடியோ செட்டைப் பிரிக்கும்போது திருகாணிகளை டீ சாசரில் போட்டுவைப்பது என் பழக்கம், இன்ஸ்பெக்டர் சார். ஒன்றுகூடத் தொலையாது.

பெயர் ராஜையன். கீரிப்பாறை ரப்பர்த் தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அமெச்சூர் ரேடியோ லைசென்ஸ் உண்டு. வீடு மேட்டில்; என் ஆண்டெனாவுக்குக் கடல்வரை மறைப்பே கிடையாது.

மகள் ஜினிக்குப் பேசி முடித்த பையன் வினோஜ், விசைப்படகுக்காரன். தங்கமான பையன். ஆனால் எனக்குப் பயம். என் தங்கை நேசம்மாளின் புருஷன் கப்பலோடு கடலில் மூழ்கிப் போனவன். இருபத்திரண்டு வயதில் அவள் தாலி அறுத்ததைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

"படகுல பேசுகது எனக்குக் கேக்கணும்ப்பா" என்றாள் ஜினி. கேட்க என் செட்டே போதும். பேசுவதற்குத்தான் உள்ளே கை வைக்க வேண்டும். படகுச் சேனல்களில் பேசவிடாமல் தடுக்கும் கடுகளவு டயோடு ஒன்றை எடுத்தேன். அவசரத்துக்கு உதவட்டும் என்றுதான்.

கோயிலில் ஞாயிறுதோறும் வாசிக்கும் கல்யாண ஓலை இரண்டு வாசித்தாயிற்று. மூன்றாவதற்கு முந்தைய வெள்ளி மத்தியானம், படகுகள் ஆபத்தில் கூப்பிடும் பதினாறாம் சேனலில் வினோஜ்.

"எஞ்சின் நின்னுட்டு. தண்ணி ஏறுது. ஆராவது கேக்குதா?"

அவனுடையது கையடக்க செட், மெலிந்த குரல். பலமான ரேடியோ அலை மேலே விழுந்தால் அமுங்கிவிடும். இருக்கும் இடத்தைச் சொல்வதற்குள் என் மைக்கின் பொத்தானை அழுத்தினேன். அழுத்தியபடியே இருந்தேன்.

ஜினி வாசலில் வந்து நின்றாள். "அப்பா, வல்லதும் கேக்குதா?"

"ஒண்ணும் இல்ல மக்களே. கடலு அமைதியாட்டு கெடக்கு."

மைக் திறந்திருந்தது என்பது அப்போது தோன்றவில்லை. அவள் போனதும் ஒரே ஒரு தடவை விரலை எடுத்தேன்.

"மாமா... நீங்களா? விரல எடுங்க மாமா."

அதற்குமேல் எப்படி எடுப்பது, சார்? பிழைத்து வந்தால் ஜினியிடம் சொல்லிவிடுவானே. மறுபடி அழுத்தினேன். மொத்தம் நாற்பது நிமிடம். பிறகு சேனல் அமைதியாக இருந்தது. படகில் இருந்த மற்ற ஐந்து பேர் எனக்குப் பழக்கமில்லை.

கடைசியாக அவன் ஜினியின் குரலைக் கேட்டுவிட்டுத்தான் போனான். அந்தமட்டில் எனக்கு ஆறுதல்.

கரையில் யாரோ சேனலில் கேட்ட அந்தப் பேச்சைப் போனில் பதிந்து ஜினிக்கே அனுப்பிவிட்டார்கள். இப்போது அவள் வினோஜின் அம்மா வீட்டில் வெள்ளைச் சேலையோடு உட்கார்ந்திருக்கிறாளாம். அது எப்படிச் சரியாகும்? தாலி ஏறவே இல்லையே. அவள் விதவை இல்லை என்று ஒரு வரி எழுதித் தாருங்கள், சார். காட்டினால் வந்துவிடுவாள்.